மச்சினன் வரவே மாட்டார்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். 'டு லெட்' போர்டைப் பார்த்து மணியடித்தால், வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்குள் அவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். ''எங்கே வேலை? எத்தனை பேர்?'' இதுவரை சரி. அடுத்து, ''சொந்த ஊர் எது? நான்-வெஜ் உண்டா? குலதெய்வம் எது சார்?'' எப்படிச் சுற்றி வளைத்தாலும் கேள்வி ஒன்றுதான். நீங்க என்ன ஆளுங்க?

பதில் பிடிக்கவில்லை என்றால் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ''ஊர்லேர்ந்து மச்சினன் வர்றார். அவருக்குத்தான் குடுக்கணும்போல இருக்கு.'' பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் போர்டு அப்படியே தொங்கும். மச்சினன் வந்திருக்க மாட்டார்.

ஓனர் பக்கமும் நியாயம் உண்டு. பி.எஃப். பணமும் பேங்க் கடனும் போட்டுக் கட்டிய வீடு. குடிவந்தவர் வாடகை தராமல் உட்கார்ந்துகொண்டால் அலையப்போவது அவர்தான். ''என் வீடு, என் இஷ்டம்'' என்பதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. நம் வீட்டுக்குள் யாரை விடுவது என்று நாம்தானே முடிவு செய்கிறோம்?

ஆனால், வாடகைக்கு விடுகிற வீடு அந்தக் கணக்கில் வருமா? நான் பி.காம். படித்தவன். எனக்குக் கணக்காகத்தான் பார்க்க வரும். வாடகை வருமானத்துக்கு வரி போடும்போது, சொத்து வரி போக மிச்சத்தில் 30 சதவிகிதத்தை பில் எதுவும் கேட்காமல் கழித்துக்கொள்ள விடுகிறார்கள். ஆடிட்டர் முன்னால் அது வருமானம் தரும் சொத்து. வீடு கேட்டு வருகிறவர் முன்னால் மட்டும் அதுவே பூஜை அறை ஆகிவிடுகிறது!

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்கா 1968-ல் ஒரு கோடு போட்டுப் பார்த்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தான வீட்டு வசதிச் சட்டம், இனம், மதம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்தது. நான்கு குடித்தனம் வரையுள்ள கட்டடத்தில் ஓனரும் கூடவே குடியிருந்தால் அந்தச் சட்டத்தில் விலக்கு. அவர்கூட 'இன்னாருக்கு இல்லை' என்று விளம்பரம் செய்யக் கூடாது. கூடவே வாழ்வது வேறு, வாடகை வாங்குவது வேறு என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று பட்டியல் போட்டுப் பாகுபாட்டைத் தடுக்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2019-ல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம், முன்பணம், காலி செய்வது பற்றிப் பேசுகிறது. யாருக்கு மறுக்கக் கூடாது என்று பேசவில்லை. ஆக, விஷயம் மனசாட்சியிடம் வந்து நிற்கிறது.

அந்த மனசாட்சி எப்படி வேலை செய்கிறது? டெல்லி வட்டாரத்தில் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சுகதேவ் தோரட் குழுவினர் பெயர்களை மட்டும் மாற்றி வீடு கேட்டுப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவுகள் தலித், முஸ்லிம் பெயர்களுக்குப் பலமுறை மூடிக்கொண்டன. வாடகை ஒழுங்காக வருமா என்ற கவலைக்குப் பெயரில் எப்படி விடை கிடைக்கும்? சம்பளச் சீட்டைக் கேளுங்கள். பழைய ஓனருக்கு போன் போடுங்கள். ஒருவர் என்ன செய்தார் என்று விசாரிப்பது ஜாக்கிரதை. எங்கே பிறந்தார் என்று விசாரிப்பது ஜாக்கிரதை இல்லை.

இது ஓனருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரியாவிட்டால் மச்சினனை எதற்குக் கூப்பிட வேண்டும்? தன் உரிமை என்று நிஜமாகவே நினைப்பவர் பொய் சொல்ல மாட்டார்.

சரி, வாடகைக்கு இருக்கும் நீங்கள்? கேட்ட அன்றே உங்களுக்குச் சாவி கிடைத்திருக்கலாம். 'எங்களைப் பார்த்ததுமே அவருக்குப் பிடிச்சுப்போச்சு' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். உங்களிடம் எதைப் பார்த்துப் பிடித்துப்போனது என்று என்றாவது யோசித்ததுண்டா?