பால் பொங்கும்போது தீ எங்கே?

கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குக் குலதெய்வப் படையல் போட வரும் குடும்பங்கள் முதலில் தேடுவது மரநிழலையும் மூன்று கல்லையும்தான். கல்லைக் கூட்டி, சுள்ளியை அடுக்கி, கற்பூரத்தால் பற்றவைத்துப் பானையை ஏற்றுவார்கள். கடற்காற்று தீயை ஒரு பக்கமாகச் சாய்க்கும். யாராவது ஒருவர் முறத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். நுரை விளிம்பைத் தாண்டி, சூட்டுக் கல்லில் சொய்யென்று விழுந்த கணத்தில் எல்லோர் வாயிலும் ஒரே குரல்: பொங்கலோ பொங்கல்!

இதே ஊரில்தான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. 1983க்குப் பிறகு அலை அலையாகத் தமிழகம் வந்தவர்களுக்காக அமைந்த முகாம்களில் இதுவும் ஒன்று. ஈழத்தமிழ்க் குடும்பங்களின் சொந்தபந்தம் இன்று டொராண்டோ, லண்டன், ஒஸ்லோ என்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. தைப்பொங்கலன்று போனில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பால் பொங்கிட்டுதே, பிள்ளை?” என்பதுதான். மறுமுனையில் பல வீடுகளில் அடுப்பில் தீ கிடையாது. கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்றும், அதற்கடியில் ஒரு சிவந்த வட்டமும் கொண்ட செராமிக் மின்னடுப்புதான்.

தீ இல்லாமல் பொங்கியது பொங்கலாகுமா? சில்லறைக் கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தீயை வலம்வந்து திருமணம் செய்கிறோம். கடைசியில் உடலையும் அதனிடமே கொடுக்கிறோம். அப்படிப்பட்ட ஒன்றை அடுக்களையிலிருந்து எடுத்துவிட்டால் வழிபாட்டில் என்ன மிஞ்சும் என்று கேட்பது நியாயம்தான்.

இதே சிக்கலில் யூதர்களும் மாட்டிக்கொண்டார்கள். ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பது அவர்கள் விதி. இரும்பைப் பழுக்கக் காய்ச்சுவதையும் தீ மூட்டுவதன் கணக்கிலேயே சேர்த்தார் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ். மின்விளக்கு வந்தபோது, சிவந்து ஒளிரும் இழை தீயா இல்லையா என்று ரப்பிகள் (யூத மதகுருமார்) வாதிட்டார்கள். பலர் அந்தப் பழைய தீர்ப்பைக் காட்டித் ‘தீதான்’ என்றார்கள். அந்தக் கணக்கில் செராமிக் அடுப்பின் உள்ளே பழுக்கும் உலோக நாடாவும் தீயே.

கீழ்புத்துப்பட்டு இருக்கும் அதே கடற்கரையின் மரக்காணத்து உப்பளம் வேறொரு வழியைக் காட்டுகிறது. பாத்தியில் நீரைக் கட்டிவிட்டு, வெயிலும் காற்றும் தம் வேலையை முடிக்கும்வரை காத்திருப்பார்கள். ஒரு சுள்ளிகூட எரியாமல் உப்பு விளைகிறது. ‘விளைகிறது’ என்று பயிருக்குச் சொல்லும் சொல்லையே உப்புக்கும் சொல்கிறோம். பொங்கல் யாருக்கு? இந்தச் சூரியனுக்குத்தான். செராமிக் அடுப்பின் வெப்பமும் பெருமளவு கதிராகத்தான் கண்ணாடியைக் கடந்து பாத்திரத்துக்கு வருகிறது. சூரியனுக்குப் படைக்கும் பாலைக் கதிர்வெப்பத்தில் காய்ச்சுவதில் குறை காண இடமில்லை.

அந்தக் கண்ணாடியின் கதையும் கேட்கத் தக்கது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் ஆய்வகத்தில் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரி செல்சியஸில் சூடாக்க நினைத்தார். உலை பழுதாகி 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகி ஓடியிருக்கும் என்று திறந்தால் துண்டு முழுசாக இருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 1971இல் கொண்டுவந்த செரான் அடுப்புப் பலகையும் இந்தக் கண்ணாடி-செராமிக் இனத்தைச் சேர்ந்ததே. பெரிய தொலைநோக்கிகளின் ஆடிக்கும் இதன் உறவுப் பொருள்தான் உதவுகிறது. சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை என்பது அதன் சிறப்பு.

ஆனாலும் செராமிக் அடுப்பின் தீக்கு ஒரு குணம் உண்டு: தன்னைக் காட்டிக்கொள்ளாது. விறகை வெளியே இழுத்தால் பால் அடங்கும். கேஸைச் சிம்மில் வைத்தாலும் அடங்கும். செராமிக்கில் சுவிட்சை அணைத்த பிறகும் கண்ணாடி கனன்றுகொண்டிருப்பதால் பால் தொடர்ந்து பொங்கும். பானையைத் தூக்கினால்தான் நிற்கும். சிவப்பு வட்டம் அவ்வப்போது அணைந்து எரிவது பழுதல்ல. சூடு மிகாமல் காக்கும் ஏற்பாடு அது. வட்டம் கறுத்துவிட்டது என்று கை வைத்தால் தோல் உரிந்துவிடும். சூடு மிச்சமிருப்பதைச் சொல்லும் சின்ன விளக்கு அணையும்வரை குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது. கண்ணாடியில் விரிசல் கண்டால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட வேண்டும்.

மண்பானைக்கும் இதற்கும் ஒத்துவராது. உருண்ட அடி கண்ணாடியோடு ஒட்டாது, சொரசொரப்பு கீறும். வட்டத்தின் அளவுக்குத் தட்டையான அடியுள்ள பாத்திரம் வேண்டும். மரக்காணத்துக் கல்லுப்பு ஒன்று சிந்தி, அதன்மேல் பாத்திரத்தை இழுத்தால் அந்தக் கோடு அப்படியே நிற்கும்.

எல்லாவற்றையும்விட ஆகாதது இனிப்பு. வெல்லப்பாகு வழிந்தால் கண்ணாடியோடு ஒட்டி, ஆறும்போது சுருங்கி, சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். மற்ற கறைகளை ஆறிய பிறகு துடைக்கலாம். பாகை மட்டும் சுவிட்சை அணைத்த கையோடு, உறை போட்டுக்கொண்டு, சூடாக இருக்கும்போதே பிளேடு வைத்த சுரண்டியால் எடுத்துவிட வேண்டும். நம் பாட்டிமார் வகுத்த வரிசை இங்கே அழகாகக் கைகொடுக்கிறது. முதலில் பால் பொங்கி வழியும், பிறகு அரிசி, அரிசி வெந்த பிறகுதான் வெல்லம். வழிய வேண்டிய நேரத்தில் பானையில் வெல்லமே இல்லை. கண்ணாடிக்குப் பயந்து பாலை வழியவிடாமல் அடக்குகிறவர்கள் சடங்கின் உயிரையே விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் வழியட்டும். துடைக்கத்தானே துணி?

தீ இல்லாமல் பொங்கலாகுமா என்ற கேள்விக்கு வடலூரிலும் ஒரு விடை உண்டு. அங்கே வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலையின் அணையா அடுப்பு இன்றும் எரிகிறது. அந்த அடுப்பைக் கும்பிடுகிறவர்கள் அதன் விறகையா கும்பிடுகிறார்கள்? வள்ளலார் தீ என்று பேசியது பசியை. அதைச் சோற்றால் அவிப்பதைத்தான் அவர் வழிபாடாகக் கண்டார். ஒஸ்லோவில் பனிக்கு நடுவே கண்ணாடி அடுப்பில் வெந்த பொங்கலும் யாரோ ஒருவரின் அந்தத் தீயை அவிக்கத்தான் போகிறது.

நுரை எழும்புகிறது. போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு ஒஸ்லோவில் ஒரு பெண் காத்திருக்கிறாள். வழிந்த பால் கண்ணாடியில் பழுப்பாகத் தீய்கிறது. பானையைத் தூக்கி ஓரமாக வைக்கிறாள். சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. போனில் கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒரு குரல்: “எந்தப் பக்கம் வழிஞ்சது, பிள்ளை?”