தனக்குத் தானே அளித்த வாக்கு

பிறருக்கு அளித்த வாக்கை ஒருவன் காத்தல் வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தனக்குத் தானே அளித்துக்கொண்ட வாக்கு அவனைக் கட்டுப்படுத்துமா? தோமஸ் ஹொப்ஸ் 1651இல் வெளியிட்ட ‘லெவியாதன்’ என்னும் நூலிலே இல்லை என்றே விடை பகர்ந்தார். கட்டியவனே நினைத்தபோது அவிழ்க்கலாமெனின் அது கட்டாகாது என்பது அவர் வாதம். அரசன் தானியற்றிய சட்டத்துக்கு அடங்கியவனல்லன் என நிறுவுதற்பொருட்டே அவர் இதனைக் கூறினார். ஆயினும் முடிதரியாத மனிதனுக்கும் அவ்வாதம் பொருந்தும்.

இவ்வினாவை நூலகத்துக்கு வெளியே கொணர்ந்து நோக்குதற்கு நெடுந்தூரத் துவிச்சக்கர வண்டி ஓட்டம் ஏற்ற களமாகும். பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகர் சென்று மீளும் 1200 கிலோமீற்றர் ஓட்டம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று அது பந்தயமன்று. 90 மணித்தியாலத்துள் முடித்தவர் யாவரும் முடித்தவரே. முதல்வன், இரண்டாமவன் என்னும் வரிசை அங்கில்லை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நடத்தப்பெறும் 200 கிலோமீற்றர் ஓட்டங்களும் இம்முறையினவே. அவற்றுக்குரிய எல்லை 13½ மணித்தியாலம். இவ்வெல்லை பிறர் வகுத்தது. ‘பதினொரு மணித்தியாலத்தில் முடிப்பேன்’ என ஒருவன் புறப்படுவானாயின், அந்த எண் அவனுக்கு மட்டுமே உரியது. அதனைத் தவறவிட்டால் அவனைக் கேட்பார் எவருமில்லை.

அத்தகைய ஒருவன் நம் மலைநாட்டு வீதியிலே செல்வதாகக் கொள்வோம். கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பகுதியிலே உள்ளது பொல்பிட்டிய. 1969 முதல் அங்குள்ள மின் நிலையம், மலையிலிருந்து இறங்கும் நீரின் விசையைக் கொண்டு இயங்குகிறது. நீர் இறங்கும் அம்மலையிலே, கினிகத்தேனையையும் ஹட்டனையும் நோக்கி, இவன் ஏறவேண்டும். மழை பிடித்துக்கொள்கிறது, தொடை நோகிறது. ‘பன்னிரண்டு மணித்தியாலம் ஆனால் என்ன?’ என்று அவனுள் ஒரு குரல் எழுகிறது.

இங்கேதான் ஹொப்ஸின் வாதம் இடறுகிறது. அவர் வாக்களித்தவனையும் வாக்குப் பெற்றவனையும் ஒருவனாகவே கண்டார். வீதியிலோ இருவர் உளர். அதிகாலையில் எண்ணைக் குறித்தவன் மழையை அறியான். ஏற்றத்தில் நிற்பவன் மழையை அறிவான், ஆனால் தன் வழக்கிலே தானே நீதிபதியாக அமர்ந்திருக்கிறான். எவன் சொல்லை ஏற்பது? ஏற்றத்திலே தோன்றும் காரணங்கள் யாவும் பொய்யல்ல. அதிகாலையிலே சொல்லியிருந்தாலும் நாணாமல் சொல்லத்தக்க காரணம் ஒன்றுண்டு. நோவு மட்டுமே கற்பிக்கும் காரணம் இன்னொன்றுண்டு. முன்னதைக் கேட்டு அதிகாலையில் புறப்பட்டவனும் விடுதலை அளித்திருப்பான். பின்னதை அவன் கேட்டிருக்கவே மாட்டான்.

பாரிஸ்–பிரெஸ்ட் ஓட்டம் கடும் பந்தயமாயிருந்த காலத்திலே, 1951இல், மொரிஸ் டியோவும் எதுவார் முல்லரும் ஏனையோரை விட்டு முன்னே சென்றனர். முடிவுக்கு ஏறக்குறைய 22 கிலோமீற்றர் இருக்கையில் முல்லரின் சில்லுக் காற்றிழந்தது. டியோ காத்து நின்றார். பின்னர் இருவரும் சேர்ந்து சென்று, இறுதி விரைவோட்டத்திலே டியோ வென்றார். அவர் எடுத்த நேரம் 38 மணித்தியாலமும் 55 நிமிடமும். தோற்றிருந்தாலும் அவர் நின்றது பிழையென யாரும் கூறார். வெற்றியையே பணயம் வைத்து ஒருவர் நின்றாரெனின், தன் சொந்த எண்ணைத் தவிர இழப்பதற்கு வேறொன்றுமில்லாதவன் வீதியோரம் வீழ்ந்து கிடப்பவனைக் கடந்து செல்வதற்கு என்ன நியாயம் உண்டு?

இவ்வளவோடு ஆராய்ச்சியை நிறுத்தலாம். ஆனால் அந்த வீதி நிறுத்தவிடாது. ஹட்டனை நெருங்க நெருங்க இருமருங்கும் தேயிலை மலைகள். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஓர் எண் உண்டு: அன்றைக்கு நிறுத்துக் கொடுக்கவேண்டிய கிலோ. அது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். ஆனால் எந்தத் தோட்டத்திலும் அவள் குறித்த எண்ணன்று. எடை குறைந்தால் ‘அரைப்பேர்’; பாதி நாட் சம்பளம். மழை பெய்ததென்று அவள் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள இயலாது. அவ்வழியே ஏறும் வண்டிக்காரனின் பாடு அவளுக்கு விளையாட்டாகத் தோன்றுமாயின், அதில் வியப்பென்ன?

விளையாட்டென்பதால் அவன் வாக்குப் பொய்யாகிவிடாது. அவளுக்கில்லாத ஒன்று அவனிடம் உண்டு: அவிழ்க்கும் உரிமை. அவ்வுரிமை இருப்பதனாலேயே அவன் எண்ணைக் காப்பதற்கும் ஒரு பொருள் உண்டாகிறது, கைவிடுவதற்கும் உண்டாகிறது. காரணம் எதுவாயினும் நிற்கமாட்டேன், வீழ்ந்தவனையும் பாரேன் என்று மணிக்கூட்டையே நோக்கிச் செல்பவன் அவ்வுரிமையைத் தானே களைந்தெறிகிறான். தோட்டத்து எண்ணை அந்தப் பெண்மீது சுமத்துதற்கு வேறொருவர் வேண்டியிருந்தது. இவனோ தனக்குத் தானே கங்காணியாகிறான்.