நாலரை மணித்தியாலம்

டுபாயிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான்வழியில் ஏறக்குறைய 3,300 கிலோமீற்றர். விமானம் நாலரை மணித்தியாலத்தில் போய்விடும். ரொறொன்ரோவிலிருந்து ஊருக்குப் போகும் எம்மவர் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலம் பறந்த பிறகுதான் டுபாயில் இறங்கி விமானம் மாறுகிறார்கள். இந்தக் கணக்கின்படி வளைகுடாவில் இருக்கும் நாங்கள் வீட்டு வாசலில் நிற்பவர்கள். ஆகவே ஊரில் ஒரு செத்தவீட்டுக்கு நாங்கள் போகாவிட்டால், கனடாக்காரருக்குக் கிடைக்கும் மன்னிப்பு எங்களுக்குக் கிடைப்பதில்லை. "நாலரை மணித்தியாலம்தானே, வந்திருக்கலாம்தானே" என்பது சனத்தின் தீர்ப்பு.

இத்தீர்ப்பு நியாயமானதா? அருகில் இருப்பவருக்குக் கடமை அதிகம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. செத்தவீட்டுக்கு அயலவரே முதலில் வரவேண்டும் என்பது ஊர் எமக்குச் சொல்லித்தந்த ஒழுக்கம். ஆனால், அயலவர் தன் படலையைத் தானே திறந்துகொண்டு வரக்கூடியவர் என்ற நம்பிக்கையில் எழுந்த ஒழுக்கம் அது. படலையின் திறப்பு இன்னொருவர் கையில் இருந்தால்?

வளைகுடாவில் பலரது நிலை அதுதான். கட்டாரில் 2018 வரை பெரும்பாலான வெளிநாட்டுத் தொழிலாளர் முதலாளியின் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேற முடியாது. வீட்டுப் பணிப்பெண்களுக்கு அந்த விதி 2020 ஜனவரியில்தான் நீங்கியது. அப்போதும், புறப்படுவதற்கு 72 மணித்தியாலம் முன்னதாக முதலாளிக்கு அறிவிக்கவேண்டும் என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. டோகாவிலிருந்து கொழும்புக்குப் பறப்பு சுமார் ஐந்து மணித்தியாலம். 72 மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் கொள்ளி வைத்துக் காடாத்தும் முடிந்துவிடும். அமீரகத்தில் கடவுச்சீட்டை முதலாளி பிடித்துவைப்பது சட்டவிரோதம். ஆயினும் அது முதலாளியின் மேசை லாச்சிக்குள் கிடக்கும் வீடுகள் உண்டு.

இது எமக்குப் புதியதல்ல. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியால் சுமார் 400 கிலோமீற்றர். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, 3,300 கிலோமீற்றர் பறந்து வந்தவருக்கு மிஞ்சிய 400 தான் நீண்ட பயணமாயிற்று. நிலம் விரியவில்லை, அனுமதிதான் சுருங்கியது. அதை அனுபவித்த சனம், கிலோமீற்றரை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குவது பொருந்தாது.

இதைச் சாட்டாக வைத்து எல்லோரும் தப்பிவிடவும் கூடாது. கடவுச்சீட்டும் லீவும் காசும் கையில் இருந்தும் போகாதவர்கள் எம்மிடையே உண்டு. அவர்கள் "கபீல் விடவில்லை" என்று சொல்வது, உண்மையில் விடப்படாத ஒருத்தியின் சொல்லைக் களவெடுப்பதாகும். பிறகு அவள் அதைச் சொல்லும்போது ஊர் நம்பாது.

ஆகவே கேட்கவேண்டியது எத்தனை மணித்தியாலம் என்பதல்ல, புறப்படும் முடிவு யார் கையில் இருந்தது என்பதே. தன் கையில் இருந்தவரிடம் கணக்குக் கேட்கலாம். இல்லாதவள் தொலைபேசி எடுத்தால், ஏன் வரவில்லை என்று கேளாமல், யார் கொள்ளி வைத்தார்கள், யார் யார் வந்து நின்றார்கள் என்று ஒன்றும் விடாமல் சொல்லவேண்டும். அவளுக்குச் செய்யக்கூடிய மரியாதை அது.