பன்னருவாளும் கயிற்றுக் குண்டும்

இளையரசனேந்தலிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போன என் சின்னையா ஊருக்கு வந்தால் கப்பல் கதைதான். கப்பல் கரையணையும்போது மேலிருந்து மெல்லிய கயிறு ஒன்று பறந்து வரும். நுனியில் மூடிய கை அளவுக்கு ஒரு முடிச்சு. அதைப் பிடித்து இழுத்தால்தான் பின்னாலேயே கட்டுகிற வடம் வரும். முடிச்சு தூரமாப் போகணும்னு சிலபேர் உள்ளே ஈயத்தை வைத்துவிடுவார்கள். "மேல நின்னு எறியிறவனுக்கு அது கயிறுலே. கீழ நிக்கிறவனுக்கு குண்டு" என்பார். பிரிட்டனின் கப்பல் பணியாளர் பாதுகாப்பு விதிகள் இன்று முடிச்சுக்குள் கனம் எதுவும் கூடாது என்கின்றன. பிடிக்கிறவனுக்குக் காயம் படக்கூடாதாம்.

இதே மாதிரிக் கயிற்றுக் குண்டு மேலைநாட்டுத் தெருக்களில் அடிதடிக்கும் பயன்பட்டது. 1858இல் ஆப்ரகாம் லிங்கன் வாதாடி விடுதலை வாங்கித் தந்த கொலை வழக்கில் ஆயுதமாகச் சொல்லப்பட்டது இதுதான். நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றான் சாட்சி. லிங்கன் பஞ்சாங்கத்தைக் காட்டி அதை உடைத்தார். (பஞ்சாங்கம் ஏழை வீட்டுப் பையனுக்கு உதவிய ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.)

ஒரு பொருள் எப்போது ஆயுதமாகிறது? நம்முடைய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருட்களை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு அது தரும் உதாரணம் என்ன தெரியுமா? லத்தி! 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன சனத்தை அந்த லத்தியால்தான் தாமிரபரணிக்குள் விரட்டினார்கள். 17 பேர் செத்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு கலவரத்துக்குப் பிறகு சோதனை போட வந்தவர்கள், கூரையில் சொருகியிருந்த அம்மாவின் பன்னருவாளை எடுத்துப் போனார்கள். எழுதிக்கொண்டது 'பயங்கர ஆயுதம்' என்று. பெரிய வீட்டுச் சுவரில் தொங்குகிற வாள் மட்டும் பரம்பரைப் பெருமை. அதை யாரும் தொடவில்லை.

இதோடு நிறுத்தினால் எனக்கு வசதி. ஆனால் முழு உண்மை ஆகாது. சோதனைக்கு நாலு நாள் முன்னால், தெருவுக்குள் ஆள் இறங்கப் போகுதுன்னு பேச்சு வந்த ராத்திரி, அதே பன்னருவாளை அம்மா தலைமாட்டில் வைத்துப் படுத்தாள். கம்பு அறுக்கிற கருவி அன்று கருவியாக இருக்கவில்லை. அவள் யாரையும் தேடிப் போகவில்லை, யாரையும் வெட்டவுமில்லை. ஆனாலும் வந்தால் வெட்டுவது என்று முடிவு பண்ணித்தான் படுத்தாள். அந்த முடிவைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று உரக்கச் சொல்லவும் இத்தனை வருசமாகத் தயங்குகிறேன். தயக்கம் நியாயத்தாலா, பயத்தாலா? அம்மாவிடம் கேட்டேன். "படுத்துப் பாத்தாத் தெரியும்லே" என்றாள்.

விடிந்ததும் அதையே இடுப்பில் சொருகிக்கொண்டு கம்பு அறுக்கப் போனாள். பறிகொடுத்த பிறகு அந்த அறுப்பு முடிய, பக்கத்து வீட்டு மதினியிடம் இரவல் வாங்கித்தான் போனாள்.