கண்ணுக்குக் காட்டுவது எது?

திருச்சிராப்பள்ளிக் கைலாசபுரத்தை அடுத்த பெல் ஆலையில் கொதிகலன் குழாய்களின் பற்றவைப்பை அறுக்காமலே மீயொலியால் சோதிப்பதைப் போல, 1991-இல் அறிவிக்கப்பட்ட ஓசிடி என்னும் படமுறை, அகச்சிவப்பை ஒட்டிய ஒளி விழித்திரை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதை ஒப்புக் கதிரோடு ஒப்பிட்டு, அவற்றின் தடிப்பை மைக்ரோமீட்டர் அளவில் காட்டுகிறது. நீரிழிவால் மாக்குலாவில், அதாவது கூர்பார்வைக்குரிய மையப் பகுதியில், கோத்த நீரும், கண்நீர் அழுத்த நோயில் மெலியும் நரம்பிழை அடுக்கும் இதனால் புலப்படுகின்றன. ஆயினும் அப்படத்தில் காணும் செயல் எங்கே உள்ளது? கண் பொருளைக் காண்பதற்கு உயிர் காட்டியும் உடன்கண்டும் உதவுவது போல, உயிர்க்கு இறைவன் உதவுகிறான் என்று சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 11-ஆம் நூற்பா உணர்த்துகிறது. கருவி அளப்பது காட்சியின் வாயிலையே, காண்பது உயிர். எனினும் வாயில் பழுதுற்றால் உயிருக்கு உலகக் காட்சி மறைந்துபோவதால், நோயாளி உணருமுன்பே நரம்பின் மெலிவைக் கண்டு காப்பது உயிருக்குச் செய்யும் தொண்டாகவே மதிக்கத்தக்கது.