உடைமையும் உவகையும்

பொருள்களைச் சேர்த்து வைப்பது நல்லதா, தீயதா? இப்படி ஒருவர் கேட்டால், அன்பு வாசகரே, "எந்தப் பொருளை?" என்றுதான் நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். காசைச் சேர்த்துப் பூட்டி வைப்பவனை உலோபி என்று ஏசுகிறோம். நூல்களைச் சேர்ப்பவரை அறிஞர் என்று மதிக்கிறோம். முத்திரை சேர்க்கும் பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டுகிறோம். ஆக, சேர்க்கப்படும் பொருளை வைத்தே சேர்ப்பவரை அளக்கிறோம். இந்த அளவுகோல் சரிதானா? குதிரைப் பொம்மைகளைச் சேர்க்கும் ஒரு கூட்டத்தாரை முன்வைத்து இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறையர் என்றொரு பிளாஸ்ரிக் வார்ப்பு நிறுவனம் இருந்தது. 1950ஆம் ஆண்டளவில் அது ஒரு கடிகாரக் கம்பனிக்காக, கடிகாரத்துக்கு அலங்காரமாக நிற்கும் குதிரை ஒன்றை வார்த்துக் கொடுத்தது. கடிகாரம் மறைந்துவிட்டது, குதிரை நிலைத்துவிட்டது. நாளடைவில் குதிரை வார்ப்பதே நிறுவனத்தின் பெயர்பெற்ற தொழிலாயிற்று. 1984இல் நிறுவனம் கைமாறி நியூ ஜேர்சி மாநிலத்துக்குச் சென்ற பின்னரும் அத்தொழில் தொடர்ந்தது. பொம்மை என்றதும் சந்தையில் விற்கும் விளையாட்டுச் சாமானை நினைத்துவிட வேண்டாம். பெயர்பெற்ற உருவங்கள் உயிர்க்குதிரையின் ஒன்பதில் ஒரு பங்கு அளவானவை. இரு பாதிகளாக வார்த்து ஒட்டி, பொருத்திய தடம் தெரியாமல் தேய்த்து, கையால் வர்ணம் தீட்டுகிறார்கள். தசையும் நரம்பும் தெரியும். அரேபியக் குதிரை எது, பாரம் இழுக்கும் குதிரை எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

இவற்றைச் சேர்ப்போர் ஆண்டுதோறும் கூடும் பெருவிழாவுக்குப் பிறையர்பெஸ்ற் என்று பெயர். 1990இல் தொடங்கிய இவ்விழா, கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரன் நகரின் அருகே உள்ள குதிரைப் பூங்காவில் நடைபெறுகிறது. 1978இல் திறக்கப்பட்ட அப்பூங்காவிலேதான் மான் ஓ வார் என்னும் புகழ்பெற்ற பந்தயக் குதிரை, தன் வெண்கலச் சிலையின் கீழ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. விழாவுக்கு உயிருள்ள குதிரைகளும் விருந்தாளிகளாக அழைத்து வரப்படுகின்றன. தம் அலுமாரியில் நிற்கும் பொம்மைக்கு மாதிரியாக அமைந்த குதிரையையே நேரில் கண்டு மகிழும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது.

இவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். குதிரை வளர்க்க நிலம் வேண்டும், தீனி வேண்டும், மருந்துச் செலவு வேண்டும். குதிரையில் உயிரையே வைத்திருந்தும் அதற்கு வழியில்லாதவர் எத்தனை பேர்! நகரத்து மாடிவீட்டில் வாழும் சிறுமிக்கு எந்த லாயத்தில் இடம் கிடைக்கும்? அவளுக்கு இந்தச் சிறு உருவமே குதிரையாகிறது. அதைக் கொண்டு அவள் குதிரை இனங்களைக் கற்கிறாள்; நிறங்களைக் கற்கிறாள்; சேணம் எப்படிக் கட்டுவது என்று கற்கிறாள். இவர்கள் நடத்தும் போட்டிகளில் பொம்மைகளை உயிர்க்குதிரைகளைப் போலவே வரிசையில் நிறுத்தி மதிப்பிடுகிறார்கள். விரல் நீளக் கடிவாளம் வாயில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, வயிற்றுப் பட்டி தளர்ந்திருக்கிறதா என்று நடுவர் குனிந்து பார்க்கிறார். அந்தச் சிறு சேணத்தைத் தைப்பதற்குப் பல நாட்கள் செலவிட்டவர்கள் உண்டு. கால் முறிந்து, வர்ணம் உரிந்து, விலைபோகாத பழைய பொம்மையைத் தேடி வாங்கி, புதுக் கால் வைத்து, வேறு நிறம் தீட்டி நிமிர்த்துபவர்களும் உண்டு. இதில் பழிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு பொருளை உற்று நோக்கத் தெரிந்தவனே அதை உண்மையில் நேசிக்கத் தெரிந்தவன்.

ஆயினும் இதே விழாவில் மனித மனத்தின் மறுபக்கமும் வெளிப்படுகிறது. விழா நாட்கள் முழுமைக்கும் அனுமதிச் சீட்டு வாங்கும் ஒவ்வொருவருக்கும் அவ்வாண்டு விழாக் குதிரை ஒன்று கிடைக்கும். அது எல்லாருக்கும் ஒரே குதிரை. இதைத் தவிர, குறைந்த எண்ணிக்கையில் மட்டும் செய்யப்படும் விசேட குதிரைகளும் உண்டு. சில வேளைகளில் அதே வார்ப்பில் உருவான குதிரைதான். தீட்டிய நிறம் மாத்திரம் வேறு. அவற்றைப் பெறுவதற்காக மக்கள் நெடுநேரம் வரிசையில் நிற்பார்கள். இன்னொரு வகை, பெட்டியைத் திறக்கும் வரை உள்ளே என்ன நிறம் என்று தெரியாதபடி விற்கப்படுவது. திறந்து பார்த்தவுடன் ஒருவர் முகம் மலரும். அடுத்தவர் முகம் வாடும். வாடிய முகத்தவரின் கையில் இருப்பதும் அழகான குதிரைதானே! அவர் எதை இழந்தார்?

இங்கேதான் நமது கேள்வி கூர்மையடைகிறது. கிரேக்க ஞானி அரிஸ்ரோட்டில் ஒரு பாதரட்சையை உதாரணமாகக் காட்டி, பொருளுக்கு இருவகைப் பயன் உண்டு என்றார். காலில் அணிவது ஒன்று. கொடுத்து வேறொன்றை மாற்றிக் கொள்வது மற்றது. முதலாவதே பாதரட்சைக்கு உரிய பயன். பாதரட்சை உண்டானது பண்டமாற்றுக்காக அன்று. பெட்டியைத் திறவாமலே, விலை ஏறும் நாளை எதிர்பார்த்து வைக்கப்படும் குதிரை இந்த இரண்டாம் பயனுக்காகவே வாழ்கிறது. அதன் கண்ணை யாரும் பார்ப்பதில்லை. அது குதிரை உருவில் இருக்கும் காசு.

காசாசை நமக்குப் பழக்கமான நோய். அதைவிட நுட்பமான நோய் ஒன்று உண்டு. ஒரு பொருளை நேசிப்பது ஒன்று. அதை உடைமையாக்கிக் கொள்வதை நேசிப்பது வேறு. அது பிறரிடம் இல்லை என்பதை நேசிப்பதோ முற்றிலும் வேறு. முதலாவதில் பொருள் இருக்கிறது. இரண்டாவதில் பொருளோடு "நான்" சேர்ந்துகொள்கிறது. மூன்றாவதில் பொருளே இல்லை. எனக்கும் அயலவனுக்கும் இடையிலான தூரம் மட்டுமே இருக்கிறது. பிறரது நன்மையைக் கண்டு கொள்ளும் துயரமே பொறாமை என்று புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கினார். பிறரிடம் இல்லாமையைக் கண்டு கொள்ளும் மகிழ்ச்சி அந்தத் துயரத்தின் உடன்பிறப்பு அல்லவா? பொறாமைக்காரனை நாம் இனங்கண்டு கொள்கிறோம். ஆனால் இந்த மகிழ்ச்சி சிரித்த முகத்தோடு வருவதால் அதைக் குற்றமென்றே நினைப்பதில்லை.

"அப்படியானால் அரியவற்றை விரும்புவதே பிழையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கலைஞர் பல மாதம் உழைத்துத் தீட்டிய குதிரை உலகில் ஒன்றே ஒன்றுதான். அது அரிது, ஏனென்றால் உழைப்பு அரிது, கைத்திறன் அரிது. அதற்குக் கூடிய விலை கொடுப்பவர் அந்த உழைப்பை மதிக்கிறார். அவருடைய காசு ஒரு கைவினைஞரின் அடுப்பை எரிய வைக்கிறது. இது வேண்டியதே. ஆனால் ஆயிரக்கணக்கில் வார்க்கக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே சில நூறோடு நிறுத்தும்போது, விற்கப்படுவது கைத்திறன் அன்று. பிறருக்குக் கிடைக்காமையே விலைப் பொருளாகிறது. இதற்கு விற்பவரை மட்டும் குறை கூறுவதில் பயனில்லை. வாங்குவோர் மனத்தில் அந்தப் பசி இல்லாவிட்டால் அச்சந்தை ஒரு நாளும் கூடாது.

ஆகவே, சேர்ப்பவரை அவர் சேர்க்கும் பொருளால் அளப்பது தவறு. நூல் சேர்ப்பவரிடமும் இந்நோய் இருக்கலாம். பொம்மை சேர்ப்பவரிடம் அது அறவே இல்லாதிருக்கலாம். அளவுகோல் வேறொன்று. நீங்கள் போற்றி வைத்திருக்கும் ஒரு பொருளை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். நாளை உங்கள் அயல் வீட்டாருக்கும் அதே போன்ற ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். உங்கள் மகிழ்ச்சி கூடுகிறதா, குறைகிறதா? "வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்" என்று அழைக்கத் தோன்றினால், நீங்கள் அப்பொருளை உண்மையிலேயே நேசிக்கிறீர்கள். நெஞ்சில் ஒரு சிறு முள் தைத்தால், இதுவரை நீங்கள் நேசித்தது அப்பொருளை அன்று.

பெற்றோருக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. பிள்ளை ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டும்போது, "இது வேறு ஒருவரிடமும் இல்லையே!" என்று புகழ்வது நம் நாவில் எளிதாக வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, "இதன் காதைப் பார், எவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறார்கள்!" என்று சொல்லிப் பாருங்கள். முதற் பேச்சு பிள்ளையின் கண்ணை அயலவனின் வெறுங்கையை நோக்கித் திருப்புகிறது. இரண்டாவது, அவன் கையில் உள்ள குதிரையை நோக்கித் திருப்புகிறது.