பதவியும் கணக்கும்

குடிகளால் தெரிந்தெடுக்கப்பட்டு ஆட்சிமன்றம் புகுந்த ஒருவன், புகுந்தபின் அக்குடிகளின் கருத்தினைப் பொருட்படுத்தாது நடப்பானாயின், அவன்பாற் குற்றம் யாது, அதனைக் கடிதற்குரியார் யாவர் என்பது ஈண்டு ஆராயப்படும். ‘அவன் ஏவலாளன், ஏவியது செய்யாமையே குற்றம்’ என்பார் ஒருசாரார். ‘அவனது அறிவு நோக்கியன்றோ அவனைத் தெரிந்தனர்? அவ்வறிவு காட்டியவழி நிற்றலே அவன் கடன்’ என்பார் மற்றொருசாரார். முன்னையோர் கூற்றை முற்றக் கொள்ளின், பலர் விரும்பிய தீமையையும் அவன் செய்தல் வேண்டும். பின்னையோர் கூற்றை முற்றக் கொள்ளின், தேர்தல் முடிந்த மறுநாளே குடிகள் வாயிழந்தவராவர்.

பின்னையோர் தமக்குச் சான்றாக எடுத்துக்காட்டுபவர், வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது வழக்காடியவராக இந்நாட்டாரும் அறிந்த எட்மண்டு பர்க்கு. 1774இல் பிரிஸ்டல் நகரத்தார் தம்மைத் தெரிந்தெடுத்தஞான்றே, தம் அறிவினை அவர்தம் விருப்பத்திற்கு ஈடாக வைத்தல் இயலாதென அவர் அந்நகரத்தார் முன்னிலையிற் கூறினார். பின்னர், அயர்லாந்தின் வாணிகத் தளைகளைத் தளர்த்தலையும், கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத் தடைகளைக் குறைத்தலையும் அவர் ஆதரித்தமையால், அந்நகரத்தார் பலர் வெகுண்டனர். 1780 செப்டம்பரில் அவர் நேரே பிரிஸ்டல் சென்று, தம்மேற் கூறப்பட்ட குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடையிறுத்தார். வெற்றி கிட்டாதெனக் கண்டு போட்டியினின்றும் விலகினார். இதில் இகழ்தற்குரியது யாது? அவர் கூறியே மாறுபட்டார். மாறுபட்டதன் பயனையும் ஏற்றார். ஆயினும், நகரத்தார் கூறிய குறைகளுள் ஒன்று, அவர் தம்மூர்க்கு அரிதிற் போந்தார் என்பது. ஏனைய குறைகள் அனைத்தினும் இதுவே வலியது. கருத்து மாறுபடுதல் பொறுக்கற்பாலது, முகங்கொடாமை அத்தன்மையதன்று.

ஆகவே, குற்றம் மாறுபட்டதில் இல்லை. கணக்குக் கொடாமையில் உளது. இதனை நன்குணர்ந்திருந்தது தமிழ்நாட்டு ஊர்ச்சபை ஒன்று. முதற் பராந்தக சோழனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி. பி. 919, 921இல், உத்தரமேரூர்ச் சபையார் தம் வாரியத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டுவித்தனர். அவை வைகுண்டப்பெருமாள் கோயிலில் உள்ளன. 30 குடும்புகளினின்றும் தகுதியுடையார் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த முறையை வியந்து பேசுவார் பலர். கணக்கு விதியைப் பேசுவார் மிகச் சிலரே. வாரியம் செய்து கணக்குக் காட்டாதொழிந்தவன் பெயர் மீண்டும் குடம்புகலாகாது. வாரியஞ்செய்வான் ஒருவன்பாற் குற்றங்காணின், ஆண்டு நிறையுந்துணையும் பாராது அப்பொழுதே அவனை நீக்குதல் வேண்டும். கணக்கெழுதுவான் தன் கணக்கினைத் தானே காட்டல் வேண்டும். அதனை முடித்தற்கு வேறொரு கணக்கன் புகுதல் கூடாது.

கணக்குக் காட்டாதவனோடு அவன் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் முதலிய உறவினரையும் அவ்விதி விலக்கியது. இஃது அறமாமோ எனின், ஆகாது. ஒருவன் செய்த வினையின் பயனை மற்றொருவன் நுகர்தல் சைவநூற் கொள்கைக்கு ஒவ்வாது. ஊர்ப்பொருள் ஒரு குடும்பத்தின் கைக்குள்ளேயே கைம்மாறிச் சுழலுதலை அஞ்சி அச்சபையார் அவ்வாறு செய்தனர் என்னலாம். அச்சம் நேரியது, ஒறுத்தல் நேரியதன்று. அன்றியும், அச்சபை வேதமுணர்ந்த நிலவுடைமையாளர் சபை. உழுது இறையிறுத்த ஏனையோர்க்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலையில்லை. இக்குறையை மறைத்து அவ்வூரைப் புகழ்தலும் ஒருவகையிற் கணக்கு மறைத்தலேயாம்.

இற்றைநாளில் ஓலை எல்லார்க்கும் உரியதாயிற்று, கணக்கோ சுருங்கிற்று. 1951ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டப்படி, தேர்தற் செலவுக் கணக்கினைத் தக்க காரணமின்றிக் கொடாதவன் 3 ஆண்டுகள் தகுதியிழக்கின்றான். தேர்தலிற் செலவிட்டதற்குக் கணக்குண்டு; பதவியிற் செய்ததற்கு அவ்வாறில்லை. 1985இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை, கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்த உறுப்பினனது பதவியைப் பறிக்கின்றது. தன்னைத் தெரிந்த குடிகட்குக் கொடுத்த உறுதிமொழிக்கு மாறாக வாக்களித்தவனை அது தீண்டுவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவரை இடையிலே நீக்குதற்குச் சட்டம் இடந்தந்தபோது, ஆளமர்ந்த நாற்காலியும் வெற்று நாற்காலியும் சின்னங்களாக வைக்கப்பட்டன. எழுத்தறியாதாரும் அதன் பொருளை உணர்ந்தனர். இம்முறை எங்கும் பரவின், தலைவர் நாள்தோறும் கைதட்டலை நோக்கி வாழ்வர் என்னும் தடை வன்மையுடையதே. ஆயின், நீக்கும் உரிமையை ஐயுறுவாரும் கேட்கும் உரிமையை மறுத்தற்கு நியாயமில்லை.

தலைவன் கணக்குக் கொடாமைக்குக் காரணம் யாதெனின், ஆணவமேயாம். பிறர்பொருளைக் காப்பவன் கேளாமுன்னரே கணக்கினை விரிப்பன். தனதென்று கொண்டவனோ கேட்டாரைப் பகைப்பன். குடிகள்பாலும் வழுவில்லாமலில்லை. வாக்கிற்குப் பொருள்பெற்ற கை, பின்னர்க் கணக்குக் கேட்டு நீளக் கூசுமன்றோ? இனி, ஒருவர் ஆட்சியில் நேர்ந்த இழப்பிற்கு அவர்பின் வந்தார் விடைகூறுதலும், பின்வந்தார் தம் பிழையை முன்னவர் தலையில் ஏற்றுதலும் எல்லாக் கட்சியாரிடத்தும் காணப்படுகின்றன. வேறொரு கணக்கன் புகுதல் கூடாதென்று கல்லிற் பொறித்தார் இதனை அறிந்தே பொறித்தனர் போலும்.